மஞ்சள் துணி நனைந்த மத்தியானம்

எங்கள் தலத்தெரு வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஓர் அறையில்தான். என் கணவர் வாங்கி மாட்டியது. எதற்கு என்று கேட்டதற்கு, "தெருவுல எல்லாரும் வாங்கிட்டாங்க" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. மாட்டிய அன்று, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு பல் கிடுகிடுக்கச் சிரித்தார். அந்தக் குளிரை இரண்டு கோடைதான் அனுபவித்தார். அப்புறம் ஒரு நாள் மாரடைப்பு வந்து போய்விட்டார். ஏசி மட்டும் சுவரில் இருந்தது.

அவர் போனபிறகு மத்தியானங்களில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். காரைக்காலில் வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், புழுக்கம்தான் ஆளைத் தின்றுவிடும். கொடியில் போட்ட துணி காய்ந்தாலும் உடம்பு காயாது. கடல் காற்று உப்பும் ஈரமுமாக வந்து கதவு, ஜன்னல், முதுகு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே படுத்தால், அவர் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு என் பக்கத்தில் ஒதுங்கிக்கொள்வேன். தூக்கம் என்று சொல்ல முடியாத ஒன்று வரும். அதில் வீடு மெல்ல அரசலாற்றில் இறங்கி, கடலைப் பார்த்து நகரும். ஜன்னலில் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். யாரும் துடுப்புப் போடமாட்டார்கள். எனக்குப் பயமாகவும் இருக்காது.

அந்த மிதப்புக்குள்தான் முதன்முதலில் சொட்டுச் சத்தம் கேட்டது. யாரோ கை கழுவிவிட்டு உதறுகிற மாதிரி. அவர் சாப்பிட்டு எழுந்தால் அப்படித்தான் தரையெல்லாம் உதறுவார். "துண்டு எதுக்குத் தொங்குது அங்க?" என்று நான் கத்துவேன். அன்றும் அதையேதான் கத்திக்கொண்டு விழித்தேன். ஆள் இல்லை. ஏசிக்குக் கீழே சுவர் மட்டும் நனைந்திருந்தது.

அது மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஆவணி. சென்னையில் வேலை பார்க்கிறவள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓதம்மா இது. கடலோர ஊரு, இல்லாம எப்படி?" என்றார். தரைக்குள் இருக்கும் ஈரம் சுவரில் ஏறுவதைத்தான் ஓதம் என்போம். எங்கள் ஊரில் சுவர் பொரிந்தாலும் ஓதம், புத்தகம் பூத்தாலும் ஓதம், முழங்கால் வலித்தாலும் ஓதம். நானும் நம்பினேன். ஓதம் கீழேயிருந்து மேலே ஏறும், இது மேலேயிருந்து கீழே இறங்குகிறதே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. சுரண்டினார், ஓதத்துக்கான மருந்தைப் பூசினார், பட்டி பார்த்தார், சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்தார். நாலு நாள் அழகாக இருந்தது. பிறகு எண்ணெயில் போட்ட அப்பளம்போல உப்பிக்கொண்டு வந்தது. விரலால் குத்தினேன், உள்ளிருந்து தண்ணீர் வடிந்தது. சுவரைப் பார்த்து நான் திட்டியதைக் கேட்டு மகள் ஓடி வந்தாள்.

"ம்மா, இது ஏசித் தண்ணி" என்றாள், ஒரு பார்வையில்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். "நாளைக்கு வரேம்மா" என்றார். புழுக்கக் காலத்தில் ஏசி மெக்கானிக்கின் நாளைக்கு என்பது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை நாங்களே சமாளித்தோம். கட்டிலைச் சுவரை விட்டு இழுத்தோம். பீரோவிலிருந்து பட்டுப்புடவைகளை எடுத்து மகள் அறைக்கு மாற்றினோம். சுவரடியில் பழைய வேட்டிகளைச் சுருட்டிப் போட்டு, ஊறியதும் பிழிந்து, மறுபடி போட்டோம். பிழியும்போது வேட்டியிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு அவருடைய பழைய வாசனையும் கொஞ்சம் வரும். ஏசியை நிறுத்தி வைத்தால் ஒழுகாதுதான். ஆனால் நிறுத்தினால் தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாவிட்டால் அந்த ஆறும் இல்லை. மத்தியானத்தில் மட்டும் போட்டுக்கொள்வேன்.

என் நாத்தனார் திருநள்ளாற்றிலிருந்து வந்து இறங்கியது அந்தச் சமயத்தில்தான். கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. வாசலில் கால் வைக்கும்போதே வீடு அவருடையதாகிவிடும். பந்தல்காரருக்கு ஒரு அதட்டல், பூக்காரிக்கு ஒரு அதட்டல், எனக்கு இரண்டு. கல்யாண வீட்டுக்கு அப்படி ஓர் ஆள் வேண்டும் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. கையில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு மூட்டை வைத்திருந்தார். நெல், பயறு, உளுந்து, எள், கடுகு. பாலிகைக்கு.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் சின்ன மண் சட்டிகளில் மண் போட்டு, ஊறிய தானியத்தைத் தூவி, பாலும் தண்ணீரும் தெளிப்பார்கள். அது முளைத்துத் தழைத்தால் பெண்ணின் குடும்பமும் தழைக்கும். அதுதான் பாலிகை. தெளிக்கிறவர்கள் சுமங்கலிகளாக இருக்கவேண்டும். எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு நான் தெளித்திருக்கிறேன். அந்தப் பெண்களில் சிலர் இன்றைக்கும் வழியில் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்.

அண்ணி மூட்டையைத் தாம்பாளத்தில் வைத்து, ஏசி அறைப் பீரோவின் மேல் ஏற்றினார். ஏசித் தண்ணீர் அதுவரை சுவரோடுதான் வழிந்தது, பீரோவின் மேல் விழுந்ததில்லை. "இங்க குளுகுளுன்னு இருக்கும், வண்டு வைக்காது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், தாம்பாளத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தியபடி சொன்னார். "மூணு நாள் கழிச்சு நாங்க எடுத்துக்கறோம். நீ இதத் தொட வேணாம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதம்மா."

"சரிங்க அண்ணி" என்றேன்.

சரியாக இல்லை. தாலி எடுத்துக் கொடுக்கவோ மணமேடையில் நிற்கவோ நான் ஆசைப்படவில்லை. என் பெண்ணின் பாலிகைக்கு ஒரு கை தண்ணீர் தெளிக்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டது மனசு. பெற்ற கைக்கு அந்த ஒரு கைத் தண்ணீர் இல்லையா? மகள் அத்தையிடம் சண்டைக்குக் கிளம்பினாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கல்யாண வீட்டில் சத்தம் கூடாது என்று அவளிடம் சொன்னேன். அண்ணி முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் நானே சண்டை போட்டிருப்பேன் என்பதைச் சொல்லவில்லை.

பாலிகைக்கு முந்தின நாள் மத்தியானம் வழக்கம்போலப் படுத்தேன். பீரோவின் மேலிருந்த மஞ்சள் மூட்டையைப் பார்த்தபடியே கண் சொக்கியது. வீடு ஆற்றில் இறங்கியது. அன்று ஆறு வழக்கத்தைவிட அகலமாக இருந்தது, கரையில் நிறையப் பெண்கள் பட்டுப்புடவையில் நின்றார்கள். வீடு அவர்களைத் தாண்டிப் போனபோது யாரும் கூப்பிடவில்லை. யாரோ ஒருத்தி மட்டும் கையை நனைத்து என் நெற்றியில் தெளித்தாள். சில்லென்று இருந்தது.

விழித்தபோது நெற்றி உண்மையிலேயே நனைந்திருந்தது. ஏசியின் மூலையிலிருந்து பீரோ மேல் தண்ணீர் சரம்போல் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே பட்டுத் தெறித்ததுதான் என்மேல் விழுந்திருக்கிறது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். தாம்பாளம் தளும்ப நிறைந்து கிடந்தது. இன்றைக்கு மட்டும் விழுந்த தண்ணீர் இல்லை அது. மூட்டை ஊறிப் பருத்து, முடிச்சு இறுகி, மஞ்சள் துணியின் இழைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப்பார்த்தது. என் கை தானாக நீண்டது. தொடக்கூடாது என்றது நினைவுக்கு வந்து நின்றுவிட்டது. இறங்கிப் போய் மகளை அழைத்தேன், அவள் அத்தையை அழைத்துவந்தாள்.

அண்ணியும் நாற்காலியில் ஏறிப் பார்த்தார். மூட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். அபசகுனம் என்று ஆரம்பிக்கப்போகிறார், எல்லாப் பழியும் என் அறைமேல் விழப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வேற வாங்கிட்டு வந்துடலாமா அத்தை?" என்றாள் மகள்.

"வாய மூடு. முளைச்சதத் தூக்கி எறியறதா? கல்யாண வீட்லயா?" அண்ணி நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார். அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "இது என் தம்பி வாங்கி மாட்டுனதுதானே?"

"ஆமாங்க அண்ணி."

"பொண்ணு பாலிகைக்கு அவனே வந்து தண்ணி தெளிச்சுட்டான்டீ" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அந்த அதட்டல்கார மனுஷி நாற்காலியில் நின்றபடியே முந்தானையை வாயில் வைத்து அழுதார். மகளும் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் என் அழுகையில் பாதி கோபம். உயிரோடு இருந்தவரை ஒரு துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாத மனுஷன். செத்தபிறகு அவருக்குக் கிடைத்த உரிமை, உயிரோடு பக்கத்தில் நிற்கிற எனக்கு இல்லையே என்று அவர்மேலேயே பொறாமையாக இருந்தது.

அன்று சாயங்காலம், எல்லாம் ஓய்ந்தபிறகு, மெக்கானிக் வந்து சேர்ந்தார். ஏசியின் மூடியைக் கழற்றித் தட்டைப் பார்த்தார், குழாயில் ஊதிப் பார்த்தார். பாசி இல்லை, அடைப்பும் இல்லை என்றார். பின்பக்கம் போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அம்மா, இந்தக் குடத்த யாரு இங்க வச்சது?"

"நான்தான்" என்றேன்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, செடி கருகும். ஏசியிலிருந்து வருவது நல்ல தண்ணீர், வீணாகத் தரையில் போகிறதே என்று அது வெளியே வரும் ட்யூபின் வாயைக் குடத்துக்குள் விட்டு வைத்திருந்தேன். முழங்கால் வலியில் குனிந்து தூக்க முடியவில்லை என்று, சமீபத்தில்தான் குடத்தைத் தரையிலிருந்து எடுத்துத் துவைக்கிற கல்லின்மேல் ஏற்றி வைத்தேன்.

"மெசின்ல ஒண்ணுமில்லம்மா. கல்லு மேல ஏத்துனதால ட்யூபு வளைஞ்சு மேல தூக்கிடுச்சு. குடம் நெறைஞ்சதும் வாயும் முங்கிடுச்சு. தண்ணி போக வழியில்லாம திரும்பி ரூமுக்குள்ள வந்திருக்கு." சொல்லிக்கொண்டே ட்யூபைக் குடத்திலிருந்து எடுத்துத் தரையில் போட்டார். அது களக்களக்கென்று தேக்கி வைத்திருந்ததையெல்லாம் கக்கியது. அவர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

திரும்பினால் அண்ணி பின்வாசலில் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப அவன் இல்ல" என்றார்.

நான் குடத்தை ஒரு தட்டால் மூடினேன்.

"அவன் எந்தக் காலத்துல எதுக்குத் தண்ணி ஊத்துனான்!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்தபிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சுமங்கலிகள் வந்தார்கள். நான் அறை வாசலோடு நின்றுகொண்டேன். முளைவிட்ட தானியத்தைச் சட்டிகளில் தூவினார்கள். ஒருத்தி தண்ணீருக்குக் குழாயடிக்குப் போனாள். "அந்தத் தண்ணி உப்பு, முளை கருகிடும்" என்று அண்ணி அதட்டினார். "பின்னாடி குடத்துல நல்ல தண்ணி இருக்கு, அத எடுத்துட்டு வா." என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் எல்லாப் பெண்களும் பாலோடு சேர்த்துத் தெளித்தார்கள். வாசலில் நின்ற எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்குமேல் எதுவும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டிகளைக் குளிர்ச்சிக்காக என் அறையிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மகள் வந்து கட்டிலில் அப்பா படுக்கும் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனாள். இரண்டு வருஷமாகக் காலியாக இருந்த இடம். நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு லேசாகத் திறந்தது. அண்ணி. கையில் சொம்பு.

"பாலிகை வாடுது பாரு" என்று மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனார்.

பாலிகை வாடவில்லை. வெளிறிய பச்சையில் விறைப்பாகத்தான் நின்றது. கையைச் சொம்பில் நனைத்துத் தெளித்தேன். கொஞ்சம் கட்டில் பக்கமாகச் சிதறி அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ம்மா... ஏசி மறுபடியும் ஒழுகுதா?"

"இல்லடி" என்றேன். "நான்தான்."