வலது காது

குலதெய்வக் கோயிலில் ஆசாரி என் இடது காதைக் குத்தியபோது நான் அழவில்லை. மாமாவுக்கு வெளிநாட்டிலிருந்து லீவு கிடைக்க இத்தனை காலம் ஆகி, எனக்கு ஏழு வயது முடிந்திருந்தது. அவர் மடியில் உட்கார்ந்து அழுதால் மானம் போகாதா? பல்லைக் கடித்துக்கொண்டேன். "எம் மருமவ அழுவாளா!" என்று மாமா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

சித்திதான் பாவம், முகம் தொங்கிப்போய்ப் பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தானே பாட்டுக் கட்டிப் பாடுவாள் அவள். ஆனால் இழவு வீட்டுக்காரர்கள் மட்டுந்தான் கூப்பிட்டார்கள். ஒப்பாரி பாடிய வாய் நல்ல காரியத்தில் பாடினால் ஆகாதாம். என் காதுகுத்தில் ஒரு பாட்டுப் பாடினால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒரு வாரமாகத் தன் அண்ணனான மாமாவிடம் கெஞ்சினாள்.

"ஏட்டி, எழவு வீட்ல பாடுத வாயோட இங்கன மைக்கத் தொட்டிராத. பிள்ளைக்கு ஆவாது" என்று மாமா முடித்துவிட்டார். அம்மா சித்தியின் கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

அடுத்தது வலது காது. அம்மா என் கால்களைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று தொடையில் சுரீர் என்றது. ஐயோ! கரிசல் காட்டுக் கட்டெறும்பு! அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. தலையை ஆட்டி ஆட்டி அலறினேன். பலூனுக்கும் மசியவில்லை, மாமாவின் செல்போனுக்கும் மசியவில்லை.

"நல்ல நேரம் முடியப்போவுது அண்ணாச்சி" என்றார் ஊசியும் கையுமாக நின்ற ஆசாரி.

அம்மா பானைப் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நீதான் ஒரு பாட்டப் பாடி அமத்தேன்."

மாமா வாய் திறப்பதற்குள் சித்தி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"காது குத்தும் ஆசாரி – உம்ம
கை நடுங்கிப் போகாம
பூவுல வண்டு உக்காந்தாப்ல
பையக் குத்தும் நோகாம!"

வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குத்தியதே தெரியவில்லை. மைக்செட்காரர் தானாகவே மைக்கை நீட்டினார். மாமாகூடத் தாளம் போட்டார். அந்த மாதமே புதூர்ப் பக்கம் ஒரு கொடைக்குச் சித்தியைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு அவள் பாடாத ஊர் இல்லை.

திரும்பும்போது வேனில், "எறும்பு கடிச்சிட்டும்மா" என்றேன். அம்மா பாவாடைக்கு மேலாகவே அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள். எங்கே கடித்தது என்று நான் சொல்லவே இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.