தேவையில்லாத சேவைகளும் பிலோமினா அன்ரியின் செவ்வாய்க்கிழமையும்

வீட்டு வரி கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து இந்த மெல்பேர்ன்ல ஒருத்தர்கூடச் சிரிச்சது கிடையாது. ரேட்ஸ் நோட்டீஸைப் பிரிச்சதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிற சக பாவிகளே, உங்களைக் குறை சொல்ல வரலை. நானும் வீட்டை வாங்கிட்டு மாட்டிக்கிட்டவதான். ஆனா கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் வாங்கின அதிர்ச்சியையும் கொஞ்சம் கேளுங்க. நான் மதுரைக்காரி, பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எங்க கவுன்சில்ல (நம்ம ஊர் முனிசிபாலிட்டி மாதிரி; பேர் வேண்டாம், வேலை போயிடும்) தமிழ் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். அதனால நம்ம ஜனமெல்லாம் என் வரிசையிலதான் வந்து நிக்கும்.

மூணு பாத்ரூம்

நம்ம ஊர் ஐ.டி.காரர் ஒருத்தர் கையில ரெண்டு நோட்டீஸோட வந்தார். ஒண்ணு அவரோடது. இன்னொண்ணு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தது. வீட்டு மதிப்பைத் தப்பாப் போட்டிருக்கீங்கன்னு ஒரே சத்தம். சரி, அதிகமாப் போட்டுட்டாங்க, குறைக்கச் சொல்றார்னு நினைச்சு ஆட்சேபணைப் படிவத்தை எடுத்தேன்.

"குறைக்கவா? கூட்டுங்க! அவர் வீட்டுல ரெண்டு பாத்ரூம், என் வீட்டுல மூணு. அவருக்கு என்னைவிட அதிகமா?"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தனை வருஷத்துல மதிப்பைக் கூட்டச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லை. மதிப்பு கூடினா வரியும் கூடும் சார்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மூணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னார்: "மதிப்பை ஏத்துங்க மேடம், வரியை இறக்குங்க. இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பூசை முடிந்து வாங்கிய கையெழுத்து

பிலோமினா அன்ரி இலங்கை மன்னார்க்காரங்க. தனியா இருக்காங்க, மகன் பெர்த்ல. ஒரு தடவை குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சதிலிருந்து தனியாக் குளிக்கப் பயம். செவ்வாய்க்கிழமைதோறும் கவுன்சில்லேருந்து லின்னு ஒரு பொண்ணு போய், பக்கத்துல நின்னு குளிக்க வச்சு, வீட்டையும் துடைச்சுக் குடுத்துட்டு வருவா. வாரத்துல அந்த ஒரு நாள்தான் அன்ரிக்குத் தலைக்குக் குளியல்.

இந்த வருஷம் கவுன்சிலுக்குக் கையைக் கடிச்சிருச்சு. ரோடு, குப்பை, கூலி எல்லாம் விலை ஏறிப்போச்சு. வரியையோ மாநில அரசு விட்ட அளவுக்கு மேல ஏத்த முடியாது. எதையாவது நிறுத்தியாகணும். எதை நிறுத்தலாம்னு ஜனங்ககிட்ட கருத்துக் கேட்டாங்க, லின் மாதிரி ஆளுங்களை அனுப்புறதும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு.

அப்பதான் அன்ரி நல்ல சேலை உடுத்தி ஜம்முனு வந்து ஒரு மனுவை நீட்டினாங்க. 'வரியைக் கூட்டாதே, தேவையில்லாத சேவைகளை நிறுத்து.' ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு, மாதா கோயில் வாசல்ல அவங்களே நின்னு வாங்கின நாப்பத்தி மூணு கையெழுத்து! முதல் கையெழுத்தே அவங்களோடது. "அன்ரி, நிறுத்தப் போறதுல லின்னும் இருக்கா. தயவுசெஞ்சு இதைக் குடுக்காதீங்க"ன்னு கெஞ்சினேன். அன்ரி சிரிச்சுட்டாங்க: "சும்மா இரும் பிள்ளை. அது எனக்குத் தேவையானதெல்லோ!"

கிரெக் எண்ணிய பெயர்கள்

கொண்டுவர்ற மனுவை வாங்க மாட்டேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. முத்திரை குத்தினது இந்தக் கைதான். ரெண்டு நாள் மனசு கேக்காம, அன்ரிக்குப் போன் போட்டு மனுவை வாபஸ் வாங்கச் சொன்னேன். "வரி கூடினா ஆர் கட்டுறது? என்ரை மகன். அவனுக்கு இன்னும் பாரம் ஏத்தச் சொல்லுறீரோ?"ன்னு போனை வச்சுட்டாங்க.

சாப்பாட்டு நேரத்துல முதியோர் பிரிவு கிரெக் அந்த மனுவோட நகலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமா கவுன்சில்ல இருக்கிற மனுஷன், எதுக்கும் அசராதவர். முகம் வெளுத்துப் போயிருந்தது. சாண்ட்விச்சைத் தொடவே இல்லை. "இதுல பதினோரு பேர் வீட்டுக்கு நாமதான் ஆள் அனுப்புறோம்"னார். நான் ஐயோன்னு உட்கார்ந்தேன். அவர் ஒரு பேர்ல விரலை வச்சுச் சொன்னார்: "இவர் போன வாரம்தான் போன் பண்ணி, வாரத்துக்கு ரெண்டு நாள் அனுப்ப முடியுமான்னு கேட்டார்."

கடிதம்

'மக்கள் தந்த மனுக்களுக்கு மதிப்பளித்து' வீட்டு உதவியை நிறுத்துறதாக் கடிதம் போயிடுச்சு. இனி மத்திய அரசுகிட்ட பதிஞ்சு வச்சுக் காத்திருக்கணுமாம். எவ்வளவு நாள்னு அங்கே போன் பண்ணிக் கேட்டேன், சொல்ல முடியாதுன்னாங்க. அடப் பாவிகளா, அதுவரைக்கும் ஒரு மனுஷி குளிக்காம இருக்கிறதா?

மூணு வாரம் கழிச்சு அன்ரி வந்தாங்க. ஜம்முனு வந்த அந்த அன்ரியா இதுன்னு திகைச்சுப் போனேன். தலை சிக்குப் பிடிச்சுக் கிடந்தது. பக்கத்துல நின்னவர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு ரெண்டடி தள்ளிப் போனார், அதை அன்ரியும் பார்த்துட்டாங்க. என்கிட்ட வராம, தள்ளியே நின்னு கடிதத்தை நீட்டினாங்க. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. நான் அன்னிக்கே சொன்னேனேன்னு கத்தணும் போலவும் இருந்துச்சு, கத்தலை. யாருக்கும் கேக்காத குரல்ல கேட்டாங்க: "பிள்ளை, மற்றாக்களின்ரை இருக்கட்டும். என்ரை கையெழுத்தை மட்டும் வெட்டி விடேலாதோ?"

இவ்வளவு கூத்துக்கும் அப்புறம், அரசு விட்ட அளவுக்கு வரி இந்த வருஷமும் கூடத்தான் செஞ்சது, நின்னு போனது அன்ரியோட குளியல்தான்.