மூணாந்தரம் கூப்பிட்டால்

வலையபட்டியில் மலேயாக்காரர் வீடு என்றால் சின்னப்பிள்ளை கூடக் கை காட்டிவிடும். வீட்டுக்காரர்கள் கப்பலேறிப் போனவர்கள். எப்போதாவது ஒரு கல்யாணத்துக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய வீட்டில் காவல்காரன் சேவுகன் குடும்பம்தான். வாசலை ஒட்டிய முன்கட்டில் இவர்கள் புழக்கம். அதற்குப் பின்னால் பூட்டிக்கிடக்கிற இரண்டாங்கட்டைத் திறந்து, கூட்டி, திரும்பப் பூட்டுவது சேவுகன் வேலை. அவன் கூட்டும்போது, பின்னாலேயே இன்னொரு விளக்குமாறு கூட்டிக்கொண்டு வருவது மாதிரிக் கேட்கும். பெரிய வீடு என்றால் அப்படித்தான் என்று பழகிப்போயிருந்தான்.

அவனுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் ஆயி, சின்னவள் பொன்னழகு. ஒரு உச்சிப்பொழுதில் இரண்டு பேரும் பின்வாசலில் சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ "ஆயீ" என்று கூப்பிட்டார்கள். "ஏன்? இந்தா வாரேன்" என்று பதில் குரல் கொடுத்துக் கல்லைப் போட்டுவிட்டு மூத்தவள் எழுந்து போனாள். சாயங்காலம் ஊருணியில் மிதந்தாள். வீட்டில் யாருமே அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை.

கருமாதி அன்று சேவுகன் சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு சொன்னான். "யாரு கூப்பிட்டாலும் மொதத் தரத்துக்கு ஏன்னு கேட்றாத ஆத்தா. ரெண்டாந்தரத்துக்கும் கேக்காத. மூணாந்தரமும் கூப்பிட்டாத்தான் அது மனுசரு."

அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். சொன்னதை அவனே மறந்துபோனான்.

அதற்கப்புறம் பொன்னழகு பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு பேர் வாசிப்பார். இவள் பேர் வரும்போது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"வீட்டுல இதுக்கு வாய் ஓயாதுய்யா" என்றான் சேவுகன்.

"அப்ப எனக்குத்தான் காது செவிடாக்கும்" என்றார் வாத்தியார்.

அது அறுபத்தொன்பதாம் வருசம். மதுரையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கப் படிக்கிற டாக்டர்களை, அவர்களுடைய பெரிய டாக்டரம்மா கிராமம் கிராமமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பட்டணத்து நாற்காலியில் உட்கார்ந்தால் கிராமத்துப் பிள்ளை பிடிபடாது, ஊருக்குள் தங்கித்தான் தொழில் படிக்கவேண்டும் என்பது அந்தம்மா சட்டம். வலையபட்டிக்கு வாய்த்தவர் நாகநாதன். கோயமுத்தூரில் வளர்ந்த இளவட்டம்.

டீக்கடையில் ஒரே சிரிப்பு. "பிள்ளைகளுக்குக் கூட மனசு டாக்டரா?"

"வாத்தியாரைக் காட்டுங்கப்பா மொதல்ல!"

நாகநாதன் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பொன்னழகைப் பார்த்தார். பின்னாலிருந்து கை தட்டினார். திரும்பினாள். "பொன்னழகு" என்று கூப்பிட்டார். அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டார். அதற்கும் அசையவில்லை. மறுநாளும் அப்படியே.

"காது நல்லாக் கேக்குது. ஆனா தன் பேரே தெரியலைங்க" என்று சேவுகனிடம் சொன்னார். "மதுரையில இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு விடுதி இருக்கு. ஜீப் வர்றப்போ அனுப்பிடலாங்க. அங்கேயே இருக்கட்டும்."

"ஒண்ணைத் தண்ணிக்குக் குடுத்தேன்" என்றான் சேவுகன். "இதை ஒங்க ஜீப்புக்குக் குடுக்கச் சொல்றீகளாய்யா?"

பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் அது வளர்ந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்பதும் டாக்டரம்மா சட்டமாம். அதனால் நாகநாதன் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். பொன்னழகு முன்கட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண் பூட்டியிருந்த இரண்டாங்கட்டுக் கதவிலேயே இருந்தது.

அடுப்படியிலிருந்து அவள் ஆத்தா மீனம்மாள் கத்தினாள். "அழகு! அழகு! ஏட்டி அழகு!"

"ஏன்த்தா?"

நாகநாதன் சட்டென்று திரும்பினார். ஆயி போனதிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிற முறை அது. அவர்களுக்கே தெரியாமல் பழகிப்போனது.

அவர் அங்கேயே நின்றுகொண்டு, "பொன்னழகு" என்றார். அவள் கண்ணைத் தாழ்த்தினாள். "பொன்னழகு." அவள் கால்விரல்கள் தரையில் அழுந்தின. இத்தனை நாளும் இந்த இடத்தில்தான் அவர் விட்டுவிட்டுப் போனார்.

"பொன்னழகு."

"ஏன்?"

சேவுகன் ஓடிவந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இத்தனை நாளும் ஏம்மா பேசல?" என்று குனிந்து கேட்டார் டாக்டர்.

"ரெண்டு தரத்தோட நிப்பாட்டுனா அது அக்கா."

"எந்த அக்கா?"

அவள் பூட்டிய கதவைக் காட்டினாள். "மத்தியானம் கூப்பிடும். ரெண்டு தரந்தான். மூணாவது சொல்ல அதுக்கு வராது."

"வாத்தியாருக்காவது பதில் சொல்லலாமில்ல?"

"அவுக ஒரு தரந்தான கூப்பிடுறாக. அவுக யாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. சேவுகனிடம் சாவியை வாங்கி இரண்டாங்கட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அங்கே என்ன கேட்டது என்று சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் சொன்னபடி வாத்தியார் முனகிக்கொண்டே அவள் பேரை மூன்று தரம் வாசித்தார். மூன்றாவதுக்கு, "உள்ளேன் ஐயா!" என்று பொன்னழகு போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. அதுவரை அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே நின்ற சேவுகன் சிரித்துவிட்டான்.

ஜீப் அவளில்லாமல் போனது. நாகநாதன் மாதக்கணக்கில் வந்துபோனார். ஆயியைப் பற்றி அவளைப் பேசவைத்தார். மெல்ல மெல்ல அவள் ஒரு தரம் கூப்பிட்டாலே திரும்பினாள். டாக்டர்தான் மாறிப்போனார். டீக்கடையில் யாராவது கூப்பிட்டால் மூன்றாவதுக்குத்தான் திரும்புவார். "டாக்டருக்கும் தொத்திக்கிருச்சப்போய்!" என்றார்கள்.

பொன்னழகை அமராவதிபுதூரில் கட்டிக்கொடுத்தார்கள். எழுபத்தொன்பதில் தலைப்பிரசவத்துக்கு வந்தவள் பொம்பளைப் பிள்ளை பெற்றாள். சேவுகனுக்குத் தலைகால் புரியவில்லை. குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டிய அந்த உருண்டையை யாரிடமும் கொடுக்கமாட்டான். கொட்டாவி விட்டால் ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவான். "பாலைக் குடிக்கவாவது விடுங்க மனுசா" என்று மீனம்மாள் வைவாள்.

ஒரு மத்தியானம் பேத்தியை மடியில் வைத்து முன்கட்டில் உட்கார்ந்திருந்தான். பொன்னழகு அடுப்படியில் இருந்தாள். மீனம்மாள் கடைக்குப் போயிருந்தாள்.

"அழகு."

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. இத்தனை வருசத்தில் அவன் காதில் அது விழுந்ததே இல்லை. குரல் மட்டும் நன்றாகத் தெரிந்த குரல்.

"அழகு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மடியில் கிடந்த பிள்ளை கதவுப்பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தது. பதில் சொல்வது போல வாயைத் திறந்தது.

அதிலிருந்து சத்தம் வருமுன் சேவுகன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டான். "அழகு!"

"ஏன்ப்பா?" ஈரக்கையோடு பொன்னழகு வாசலுக்கு வந்தாள். அப்பனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "மூணும் நீங்கதானா கூப்பிட்டீக?"

பிள்ளை இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாந்தான் ஆத்தா" என்றான் சேவுகன். "மூணும் நாந்தான்."