சால்ட் அண்ட் பெப்பரும் எட்டாவது கல்யாணமும்

போன சனிக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கல்யாண ரிசப்ஷன். என் வாயால் அது பாதியில் நின்றிருக்கும். நிற்கவில்லை. நின்றிருந்தால்... வேண்டாம், வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் ‘டோஸ்ட் ரெய்ஸ் பண்ணுவது’ என்று ஒரு வழக்கம் உண்டு. கேக் வெட்டியதும், குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்துவார். முடித்ததும் எல்லோரும் எழுந்து திராட்சை ஒயின் கிளாஸைத் தூக்குவார்கள். வாழ்த்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தமிழில் பெண் கேட்டு, தமிழில் சண்டை போட்டு, தமிழில் சமாதானமான குடும்பங்கள்கூட அந்த ஐந்து நிமிடம் மட்டும் இங்கிலீஷுக்கு மாறிவிடும். ஏன்? யாருக்குத் தெரியும்!

பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் இந்த வேலை என் தலையில் விழும். நான் எழுதுவது தமிழில்தானே என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

எனக்குக் கைவசம் இருக்கும் ஆங்கில உவமை ஒன்றே ஒன்று — ‘லைக் சால்ட் அண்ட் பெப்பர்’. உப்பும் மிளகும் மாதிரி, ஒன்றைச் சொன்னால் இன்னொன்று கூடவே வந்து நிற்கும் ஜோடி என்று அர்த்தம். ஒரு ஆபீஸ் பிரிவுபசார விழாவில் மேனேஜர் சொன்னார். ஹாலே கைதட்டியது. அதை வைத்து, ஒரு தாளில் முன்னும் பின்னுமாக ஒரு டோஸ்ட் எழுதினேன். ஏழு விசேஷங்களை அந்தத் தாளே ஒப்பேற்றிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய பெயர்களை அடித்துவிட்டுப் புதுப் பெயர்களை எழுதுவேன். சோம்பேறித்தனம் என்கிறாள் மனைவி. சிக்கனம் என்கிறேன் நான்.

எட்டாவது, ஷரோனின் கல்யாணம். என் பழைய ஆபீஸ் நண்பன் செல்வினின் ஒரே மகள். செல்வினும் அவன் மனைவி ஸ்டெல்லாவும் மூன்று வருடமாகத் தனித்தனியாக இருக்கிறார்கள். அவன் சொந்த வீட்டில். ஸ்டெல்லா தன் அக்கா வீட்டில். காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

ஹாலுக்குள் நுழைந்ததுமே, வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷரோன் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“அங்கிள், டாடி வந்திருக்கார். ஆனா ஸ்டேஜுக்கு வர மாட்டாராம். மம்மி மேல நின்னா நான் கீழயே இருக்கேன்னு சொல்லிட்டார்.”

“நான் வேணா பேசிப் பாக்கட்டுமாம்மா?”

“ஐயோ, வேணவே வேணாம்! டோஸ்ட்ல அவங்க ரெண்டு பேர் பேரை மட்டும் எடுக்காதீங்க. எடுத்தா டாடி எழுந்து போயிடுவார். ரிசப்ஷன் முடியற வரைக்கும் அவர் ஹால்ல இருந்தா போதும் அங்கிள்.”

“எடுக்கவே மாட்டேன். பிராமிஸ்!”

கடைசி வரிசையைப் பார்த்தேன். கதவோரம் செல்வின். கோட்டு, சூட்டு, டை. மடியில் ஹெல்மெட். மகள் கல்யாணத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்திருக்கும் அப்பாவை நான் அன்றுதான் பார்த்தேன்.

மைக் கைக்கு வந்தது. முதல் பக்கம் அமர்க்களம். இரண்டு இடத்தில் சிரிப்பு, ஒரு இடத்தில் கைதட்டல். தெம்பாகத் தாளைத் திருப்பினேன். குரலை உயர்த்தினேன்.

“மே தே ஆல்வேஸ் பி டுகெதர், லைக் சால்ட் அண்ட் பெப்பர்... செல்வின் அண்ட் ஸ்டெல்லா!”

இந்தத் தாளைக் கடைசியாகப் படித்தது நான்கு வருடம் முன்பு, அவர்களுடைய கல்யாண வெள்ளி விழாவில்தான். முன்பக்கம் பெயர்களை மாற்றியவன் பின்பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை!

ஒருவரும் கிளாஸைத் தூக்கவில்லை. என் மூச்சு மைக்கில் கேட்டது. ஷரோனின் கை மாப்பிள்ளையின் கோட்டு நுனியை இறுக்கிப் பிடித்தது.

செல்வின் எழுந்தான். ஹெல்மெட்டோடு கதவுப் பக்கம் திரும்பினான்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்கு ஆங்கிலமும் வரவில்லை... தமிழும் வரவில்லை.

என் கையிலிருந்து மைக் உருவப்பட்டது. ஸ்டெல்லா.

“செல்வின், ஒரு நிமிஷம். இந்த மனுஷன் நம்ம வெள்ளி விழாவுலயும் இதே பேப்பரைத்தான் படிச்சார். அன்னிக்கும் பொய், இன்னிக்கும் பொய்.”

செல்வின் திரும்பவில்லை. ஆனால் நின்றான்.

“ஆனா ஒண்ணு. உப்பும் மிளகும் எந்த வீட்டுலங்க ஒரே டப்பால இருக்கு? தனித்தனி டப்பா, தனித்தனி மூடி. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் ஒரே மேசைக்கு வரும். நான் உங்களை வீட்டுக்குக் கூப்பிடலை. பொண்ணுக்காக ஸ்டேஜுக்குத்தான் கூப்பிடறேன். பத்து நிமிஷம்.”

செல்வினின் முதுகையே இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

“இதுல உப்பு யாரு?”

“இது ஒரு கேள்வியா? உங்களுக்குத்தானே பி.பி.? உப்பைக் கண்ணுல காட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் இல்ல? அப்ப நான்தான்!”

ஹால் வெடித்தது. செல்வின் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பினான். நடுப்பாதையில் நடந்து வந்தான்.

மேடையில் இந்தக் கோடியில் அவன், அந்தக் கோடியில் ஸ்டெல்லா. நடுவில் அழுகையும் சிரிப்புமாக ஷரோன், மாப்பிள்ளையோடு.

போட்டோகிராபர், “ஸ்வல்பா... கொஞ்சம் கிட்ட வாங்க சார், மேடம் நீங்களும்...” என்றார்.

“இது போதும்ப்பா” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

கிளாஸ்கள் உயர்ந்தன. செல்வின் கடைசிவரை இருந்து, கேக்கும் சாப்பிட்டு, தன் பைக்கில் போனான். ஸ்டெல்லா தன் அக்காவோடு போனாள். அவ்வளவுதான். அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது என் மூன்றாவது பொய்யாகிவிடும். ஆனால் ஷரோனிடம் ஒரு போட்டோ இருக்கிறது. அதில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு, ஒரு ஹெல்மெட்டும் உண்டு.

திரும்பும்போது ஆட்டோவில் மனைவியிடம் மெல்லக் கேட்டேன். “அது சரி... நாம ரெண்டு பேரும் எந்த மாதிரி ஜோடி?”

“நீங்க வாய். நான் பிளாஸ்திரி.”