கடல்காற்று வந்த பிறகு வீடு பார்க்க வாருங்கள்

கல்லூரி மாணவர்களை ஒரு இணையதளத்தில் சேர வைப்பதுதான் என் வேலை. சுற்றுச்சூழலில் அக்கறை உள்ளவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளவும், தங்கள் பக்கத்து ஏரி, மரம், பறவை பற்றிப் படத்தோடு எழுதவும், சேர்ந்து ஏதாவது செய்யவும் ஏற்பட்ட தளம் அது. நான் சம்பளம் வாங்கும் தொண்டு நிறுவனம் அதை நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, கம்பெனிகளுக்கு நடுவே எங்கெல்லாம் கல்லூரி இருக்கிறதோ அங்கெல்லாம் என் குரல் ஒலித்திருக்கிறது. ஒலித்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். யாராவது கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

ஏ.சி. போட்ட கருத்தரங்க அறையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அடைப்பார்கள். நான் திரையில் படங்களைக் காட்டிப் பேசுவேன். முடிந்ததும் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்பேன். எந்தக் கல்லூரியானாலும் வருவது ஒரே கேள்விதான். "மேடம், ஆன்-டூட்டி உண்டா?" வகுப்புக்குப் போகாமலே போனதாக வருகைப்பதிவு கிடைக்கும் அந்தச் சலுகைக்காகத்தான் அவ்வளவு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். உண்டு என்று நான் சொன்னதும் கைதட்டல் கூரையைப் பிளக்கும். ஆரம்பத்தில் அது என் பேச்சுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நாங்கள் கொடுத்த வேலை, ஆளுக்கொரு மரக்கன்று நட்டுப் படம் போடுவது. ஒரு கல்லூரியிலிருந்து படங்கள் வந்து குவிந்தன. ஆபீசில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஒரே வேப்பங்கன்று. இடது பக்கக் கிளை ஒடிந்து தொங்கிய, கறுப்பு பாலித்தீன் பையில் இருந்த கன்று. அதைக் கல்லூரிப் பேருந்திலேயே வைத்துக்கொண்டு, அவரவர் இறங்கும் இடத்தில் கையில் வாங்கிப் படம் பிடித்திருக்கிறார்கள். மண்ணைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்துவிட்டது அந்தக் கன்று.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இனிமேல் கன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு வேலை யோசித்தேன். உங்கள் வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ பக்கத்தில் இருக்கிற நீர்நிலைக்கு நேரில் போங்கள். பாருங்கள், படம் எடுங்கள், தளத்தில் இருக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், கெட்டுப்போயிருந்தால் சிவப்பு. சிவப்பு விழ ஆரம்பித்ததும் சில கல்லூரிகளிலிருந்து போன் வந்தது. எங்கள் வளாகத்துப் பக்கத்தில் சிவப்பு இருந்தால் அட்மிஷன் கெட்டுப்போகும், எடுத்துவிடுங்கள் என்றார்கள். ஆபீசில் இரண்டு பேர் எடுத்துவிடலாம் என்றே சொன்னார்கள். நான் விடவில்லை. வைத்த மாணவரே திரும்பவும் அங்கே போய், புதுப் படம் எடுத்துப் போட்டால்தான் நிறம் மாறும், வேறு யாரும், நாம்கூட, அதில் கை வைக்க முடியாது என்று விதியை எழுத வைத்தேன். அந்த விதிக்காக மீட்டிங்கில் மேசையைத் தட்டியவள் நான்.

இப்போது என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். படப்பை தாண்டி ஒரகடம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மனைப்பிரிவின் கடைசி வரிசையில் இருக்கிறது. மனை வாங்கும்போது விளம்பரத் தாளில் 'ஏரியைப் பார்த்த வீடு' என்று போட்டிருந்தார்கள். அதில் பொய் இல்லை. சமையலறைச் சன்னலைத் திறந்தால் ஏரிதான். நாங்கள் குடிவந்த பிறகு சுற்றிலும் தொழிலாளர் விடுதிகள் எழும்பின. அவற்றின் கழிவுத்தொட்டிகளை உறிஞ்சுகிற லாரிகள் எங்கள் ஏரியைக் கண்டுபிடித்துக்கொண்டன. மனு கொடுத்தோம், மறியல்கூடச் செய்தோம். சில நாள் வராது, மறுபடி வரும். தண்ணீர் முழுக்க ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வயல் மாதிரி பச்சைப் பசேலென்று இருக்கும். மூக்குதான் உண்மையைச் சொல்லும். சமையலறைச் சன்னலை மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டேன். துவைத்துக் காயப்போட்ட துணியை மடிக்கும் முன் முகர்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த நிலையில் என் வீட்டுக்காரரை அவர் கம்பெனி ஓசூர் யூனிட்டுக்கு மாற்றியது. அவர் அங்கே ஒரு ரூமில். நானும் இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளும் இங்கே. இந்த வீட்டுக்கான தவணையையும் அங்கே ஒரு வாடகையையும் சேர்த்துச் சமாளிக்க எங்களால் ஆகாது. இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாலும் மாதம் முடிவதற்குள் ஓடிவிடுகிறார்கள். வீட்டை விற்றால்தான் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியும். மகள் வீடியோ காலில் அப்பாவிடம் வேறு எதையும் கேட்பதில்லை. "வூடு எப்பப்பா விக்கும்?" என்பாள். அவர் என்னைக் கேட்பார். நான் புரோக்கரைக் கேட்பேன்.

புரோக்கர் என்னைக் கேட்பது வேறு. "மேடம், காத்து எந்தப் பக்கம் கீது?" ஏரி எங்கள் வீட்டுக்கு மேற்கே. காலையில் மேல்காற்று அடித்தால் வாசலிலேயே வந்தவர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். அப்படியே மூன்று பேர் போய்விட்டார்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று படப்பையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேரும். அது நாற்றத்தை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த நேரத்தில் மட்டும்தான் வீடு காட்டுவோம். "காலையில எனக்கு ஆபீஸ், சாயந்தரம் வாங்க" என்று நான் சொல்ல வேண்டும். சன்னலில் ஏன் டேப் என்று கேட்டால் கொசு என்று சொல்ல வேண்டும். வானிலை ஆபீசர்கூட காற்றை இவ்வளவு கவனித்திருக்க மாட்டார். கொடிக்கயிற்றில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துப் பார்த்தே என் கழுத்து வலித்தது.

அப்படி ஒரு சாயந்தரம் வந்தான் அந்தத் தம்பி. திருநெல்வேலிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் வேலை. தங்கச்சி இங்கேதான் கல்லூரியில் படிக்கிறாள், பக்கத்து ஹாஸ்டலில் இருக்கிறாள், வீடு வாங்கினால் அவளையும் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்றான். மொட்டை மாடியில் நின்று ஏரியைப் பார்த்து, "நம்ம ஊரு வயக்காடு மாரில்லா இருக்கு, அக்கா" என்றான். நான் கொடித்துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு, தங்கச்சியோடு வந்து அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொன்னான். அன்றைக்கே என் மகள் தன் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரம் நடுவில் ஆபீசுக்குப் போனால் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இதப் பாருங்க, இந்த மாதிரிதான் நாம எதிர்பார்த்தது" என்று திரையைக் காட்டினார். ஒரு மாணவி வைத்திருந்த சிவப்புப் புள்ளி. அக்கரையில் நின்று எடுத்த படம். முன்னால் ஆகாயத்தாமரையை விலக்கிய இடத்தில் கறுப்பு நுரை. செத்த மீன்கள். பின்னால் ஒரு வீடு. பாதி வரைக்கும் பெயின்ட் அடித்து நிறுத்திய பின்சுவர். கொடியில் ஒரு சின்ன யூனிஃபார்ம் பாவாடை. பாவாடை எங்கள் வீட்டுப் பாவாடை.

எடுக்கச் சொல்லலாமென்றால், எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டவளே நான்தான். அதோடு விட்டதா? இனிமேல் எல்லாக் கல்லூரியிலும் இந்தப் படத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்றார் மேலாளர். மறுநாளிலிருந்து நான் என் பின்சுவரைத் திரையில் ஆள் உயரத்துக்குப் போட்டு, "பாருங்க, எவ்வளவு தைரியமா, உண்மையா பதிவு பண்ணியிருக்காங்க" என்று ஊர் ஊராகப் புகழ்ந்துகொண்டிருந்தேன். சாயந்தரமானால் அதே சுவருக்குள் போய் சன்னல் டேப் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். வெளியே வர வழி இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டேன் என்பது மட்டும் தெரிந்தது. புரோக்கரிடம் சொன்னேன். "காலேஜ் பசங்க வெப்சைட்ட எவன் மேடம் பாக்கப்போறான்? நீங்க காத்த மட்டும் பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடல்காற்று சீக்கிரமே வந்துவிட்டது. நெற்றியில் திருநீறோடு அந்தத் தம்பி வந்தான். பின்னால் அவன் தங்கச்சி. வாசலில் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நின்றுவிட்டாள். "மேடம்? இது உங்க வீடா?"

அந்தப் பெண்ணின் முகம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆன்-டூட்டி பற்றிக் கேட்காமல், எழுதிக்கொண்டே உட்கார்ந்திருந்த பெண். ஹாஸ்டலுக்குப் பக்கத்து நீர்நிலைக்குப் போ என்று நான் சொன்னதைக் கேட்டு உண்மையிலேயே போய், அந்தச் சிவப்புப் புள்ளியை வைத்தவள்; தளத்தில் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்ததும் இதே முகம்தான். அண்ணன் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் வீடு தேடினான், அவள் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் ஏரியைத் தேடினாள். இரண்டும் என் வீட்டில் வந்து முட்டிக்கொண்டன.

அண்ணனும் புரோக்கரும் மாடிக்குப் போனார்கள். அவள் என்னோடு சமையலறைக்கு வந்தாள். கண்ணாடிச் சன்னல் வழியே வெளியே பார்த்தாள். கொடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அண்ணனைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"மேடம், நான் தப்பா போட்டுட்டேன் போல. நீங்களே பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கதான் குடியிருக்கீங்கன்னா தண்ணி அவ்வளவு மோசமா இருக்காதுல்லா. உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கே இந்தப் பக்கத்துலருந்து வேற போட்டோ எடுத்துப் போட்டு, பச்சையா மாத்திருதேன்."

எனக்கு வேண்டியது எல்லாம் அவள் வாயாலேயே வந்துவிட்டது. நான் கேட்கக்கூட இல்லை. "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிவப்பும் போகும், வீடும் போகும், அடுத்த மாதம் நாங்கள் ஓசூரில் இருப்போம். பக்கத்து அறையில் என் மகள் அட்டைப்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் சொன்னதில் ஏமாற்று இல்லை, பயமும் இல்லை. என்மேல் இருந்த மரியாதையில் தன் கண்ணையும் மூக்கையும் பொய் என்று சொல்லத் தயாராக இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது.

சன்னலில் ஒட்டியிருந்த டேப்பைப் பிடித்து இழுத்தேன். பாதியில் அறுந்தது. நகத்தால் கிளப்பி மீதியையும் இழுத்துவிட்டு, இரண்டு கதவையும் தள்ளித் திறந்தேன். கடல்காற்று என்னதான் அடித்தாலும், வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் தேங்கி நின்ற நாற்றம் அப்படியே உள்ளே வந்தது. அவள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"நீ போட்டது சரி. மாத்தாத" என்றேன்.

படியில் இறங்கி வந்த அவள் அண்ணன் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். சன்னலைப் பார்த்தான், என் கையில் சுருண்டு கிடந்த டேப்பைப் பார்த்தான். "சரிக்கா, ஊர்ல அப்பாட்ட கலந்துட்டுச் சொல்லுதேன்" என்றான். நல்ல வளர்ப்பு. போகும்போது அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இன்னா மேடம் இது, கைக்கு வந்தத இப்டி தட்டிவுட்டீங்களே" என்று புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்காரரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "பாப்பா சாப்ட்டாளா?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவு எல்லாம் எனக்கு வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. கடைக்குப் போய் புது டேப் வாங்கி வந்து, அழுதுகொண்டே சன்னலில் ஒட்டினேன். மகள் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரே ஒரு பொம்மையை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டாள். மற்றவை இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

அடுத்த நாள் ஒரு பாலிடெக்னிக்கில் கூட்டம். வழக்கம்போல முதல் படமாக என் பின்சுவரைப் போட்டேன். அதைப் பற்றிப் பேசி முடித்து, "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றேன். ஆன்-டூட்டி என்று வரப்போகிறது என்று பதிலை வாயிலேயே வைத்திருந்தேன். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"மேடம், இந்த ஃபோட்டோல கொடியில துணி காயுதே. அந்த வூட்டுல ஆளு கீதா?"

"இருக்காங்க."

"அந்த நாத்தத்துல எப்டி மேடம்? வித்துட்டுப் போவ வேண்டியதுதான?"

"வாங்க ஆள் வந்தா போயிடுவாங்க" என்றேன்.

அவன் திரையைப் பார்த்தான். சிரிக்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை.

"யாரு மேடம் வாங்குவாங்க?" என்றான்.

அத்தனை கல்லூரிகளில் ஆன்-டூட்டியைத் தவிர எனக்கு வந்த முதல் கேள்விகள் அவை. நான் அடுத்த படத்துக்குப் போனேன்.