கேட்டால்தான் ஜெபம்

பழைய தேவாலயத்தில் இப்போது சுவரேறும் பயிற்சி நடக்கிறது. பீடம் இருந்த இடத்தில் மெத்தை விரித்திருக்கிறார்கள். அதனால் புதிதாகச் சபை தொடங்க வந்த ரென்ஸ்கே, மூடிக் கிடந்த ஒரு சைக்கிள் கடையை வாடகைக்குப் பிடித்தாள். க்ரோனிங்கன் நகரத்தின் வடக்கு ஓரத்துக் குடியிருப்பு அது. கடைக்குச் சிலுவை வைக்கவில்லை, பெயர்ப் பலகையும் மாட்டவில்லை. கண்ணாடியில் ஒரே ஒரு தாளை ஒட்டினாள். வியாழக்கிழமை, மாலை ஐந்தரை, சூப்.

சூப்புக்குக் கூட்டம் வந்தது. முப்பது பேர், குளிர்காலத்தில் நாற்பது பேர்கூட. சபைக்குத்தான் ஆள் சேரவில்லை. சூப் கொதிக்கும் நேரத்தில் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரென்ஸ்கேயும், அவளோடு வெளியூரிலிருந்து வந்த ஒரு தம்பதியும் ஜெபம் செய்வார்கள். முதல் வருடம் அந்த அறையில் மூன்று பேர். ஆறாவது வருடமும் அதே மூன்று பேர்.

ஊழியப் பயிற்சியில் அவளுக்கு ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களின் தாத்தாக்கள் காலத்தில் மதத்தைத் தொண்டையில் திணித்தாகிவிட்டது. ஆகவே நீயாக வாய் திறக்காதே, அவர்களாகக் கேட்கும்வரை காத்திரு. ரென்ஸ்கே அதைக் கட்டளை போல் கடைப்பிடித்தாள். நல்ல விதிதான். அதை எழுதியவர்கள் இந்த ஊரில் குடியிருந்ததில்லை, அவ்வளவுதான்.

"பாதிரியம்மா, உங்க சூப்புல உப்பு இருக்கு, சாமி இல்ல. அதான் நாங்க நம்பி வர்றோம்" என்பாள் பக்கத்துக் கட்டிடத்தில் குடியிருக்கும் காரின் என்ற பெண், கூட்டத்துக்கு நடுவில். எல்லோரும் சிரிப்பார்கள். ரென்ஸ்கேயும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுவாள்.

லாமெர்ட் மட்டும் சிரிக்க மாட்டார். எழுபத்தொரு வயது. உருளைக்கிழங்கு மாவு ஆலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். இத்தனை காலம் பார்த்த கிழங்கு போதாதென்று, இங்கேயும் வந்து தோல் சீவ உட்கார்ந்துவிடுவார். பேச்சு குறைவு. பிஸ்கட் டப்பாவை நீட்டினால் ஒன்று எடுப்பார், மறுபடி நீட்டினால்தான் அடுத்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். தனக்கு நீட்டாததைக் கேட்டு வாங்குவது அவர்களுக்கு மானக்கேடு.

ஒருநாள் சீவிக்கொண்டே கேட்டார்.

"நீ இதெல்லாம் நெசமாவே நம்புறியாம்மா?"

"ஆமா, லாமெர்ட்."

"ம்" என்று அடுத்த கிழங்கை எடுத்தார். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு ரென்ஸ்கே ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை, அவளை அனுப்பிய சபையின் மேலிடத்திலிருந்து ஹெர்பென் என்பவர் வருவார். இதமான மனிதர். அந்த வருடமும் காப்பி குடித்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"ஞானஸ்நானம் எத்தனை பேருக்கு?"

"இன்னும் யாருக்கும் இல்ல. ஒருத்தர் இருக்கார். நெருங்கி வர்றார்."

"நல்லாத்தான் செய்யற, ரென்ஸ்கே. கோடை முடியட்டும், தொடரலாமா வேணாமான்னு பாப்போம்."

அன்றிலிருந்து அவளுடைய ஜெபமெல்லாம் லாமெர்ட்தான். ஒரே ஒரு ஆள் போதும், ஆண்டவரே. சபைக்காகக் கேட்கிறேனா, அவருக்காகக் கேட்கிறேனா என்று அவளுக்கே சில நாள் குழம்பும். அந்தக் குழப்பம் அவளுக்கு வெட்கமாகவும் இருக்கும்.

மார்ச்சில் இரண்டு வியாழன் அவர் வரவில்லை. கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது. வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ரென்ஸ்கே வாரம் இரண்டு தடவை போனாள். தலையணையைச் சரி செய்வாள், தண்ணீர் கொடுப்பாள், உட்கார்ந்திருப்பாள்.

நான்காவது தடவை போனபோது அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"உங்க ஆளுங்க இந்த மாதிரி கெடந்தா என்னம்மா செய்வாங்க?"

இது கேள்வியா, வேண்டுகோளா? அவசரப்பட்டுப் பாய்ந்துவிட்டால் ஆறு வருடமும் பாழ்.

"சில பேர் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுவாங்க. நெத்தியில எண்ணெ தடவுறதும் உண்டு."

"ஓ."

அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. கேளுங்கள், ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அவளுடைய உள்ளம் கெஞ்சியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"இந்த வாரம் என்ன சூப்பு?" என்றார் லாமெர்ட்.

"பட்டாணி."

"கெட்டியா வையி."

காரில் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அவருக்காக ஜெபம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்துபோனார்.

தகன மண்டபத்தில் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்குப் பிடித்த அக்கார்டியன் இசையைப் போட்டார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசக் கூலிக்கு வந்த பேச்சாளர் ஒருவர் ஆலையைப் பற்றியும் தோட்டத்துப் பீன்ஸைப் பற்றியும் அழகாகப் பேசினார். கடவுள் பெயர் ஓர் இடத்திலும் வரவில்லை. ரென்ஸ்கே மூன்றாவது வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தாள். அழுகையைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. அவருக்கு வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது, என்னால் ஆனதைச் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு காப்பியும் கேக்கும். அவருடைய மகள் மார்ஹா கையில் தட்டோடு வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"நீங்கதானே ரென்ஸ்கே? அப்பா உங்கள நெனச்சு வருத்தப்பட்டார்."

"ஏன்?"

"நீங்க வர்ற நாளெல்லாம் காலைல மொகம் கழுவி, தல சீவி விடச் சொல்வார். 'இன்னிக்காவது அந்தப் பொண்ணு ஜெபம் பண்ணட்டுமான்னு கேப்பா'ம்பார். நீங்க போனதும், 'கேக்கல. நமக்கெல்லாம் அது கெடையாது போல'ன்னு சொல்வார். நீங்களே கேக்க வேண்டியதுதானப்பான்னு அவரத் திட்டினேன். 'அது எப்படி நானா கேக்குறது'ன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்."

மார்ஹா குற்றமாகச் சொல்லவில்லை. அப்பாவின் பழைய பிடிவாதம் ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள், லேசாகச் சிரித்தபடி. ரென்ஸ்கே கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். ஆறு வருடத்தில் ஒருவரிடமும் கேட்காததை, அந்தக் கூட்டத்தின் நடுவில் கேட்டாள்.

"மார்ஹா, இப்ப நான் உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

மார்ஹா விழித்தாள். உதட்டோரத்துக் கேக் துணுக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கா?" என்றாள். "எனக்கு எதுக்குங்க? அப்பாவுக்குத்தான வேண்டியிருந்துச்சு."