வயதைப் பழுது பார்த்தவர்

லிஃப்ட் மெக்கானிக்கை மாமா என்றும் மச்சான் என்றும் கூப்பிட ஒரு பட்டாளமே உண்டு. எல்லாம் மனைவி வழி. அவர் வழியில் ஈ காக்காய் கிடையாது. "நமக்கு யாரும் இல்லடா" என்று சொல்லிவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். அம்மாவுக்கும் அதற்குமேல் தெரியவில்லை. ஐம்பது வயதாகியும் அந்தப் பேச்சை அவர் முழுதாக நம்பவில்லை. வானத்திலிருந்து குதித்த குடும்பம் எங்காவது உண்டா? தன் வழியில் ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அதனால்தான் நகர நூலகத்தின் மாடியில், ஞாயிறு காலைகளில் நடந்த மூதாதையர் தேடல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். பாடம் சொன்னவர் நீதிமன்றப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். முதல் நாளே எல்லோரையும் பேனாவை உள்ளே வைக்கச் சொல்லி ஆளுக்கொரு பென்சில் கொடுத்ததால், பென்சிலம்மா என்று பெயராகிவிட்டது.

"உங்ககிட்டேருந்து ஆரம்பிங்க. அப்புறம் அப்பா, அம்மா. ராஜா வம்சம்னு நெனச்சுக்கிட்டு மேலேருந்து கீழ இறங்காதீங்க" என்றார் பென்சிலம்மா.

மெக்கானிக் இதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். தலைமுறை என்றால் தளம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கீழே தன்னையும் மேலே அப்பாவையும் அதற்கு மேலே ஒரு வெற்றுக் கட்டத்தையும் வரைந்தார்.

"என்ன லிஃப்ட்டு, இங்கேயும் வந்து மாட்டிக்கிட்டியா?"

முன் வரிசையிலிருந்து திரும்பியவர் சலவைக்கடைக்காரம்மா. அறுபது வயது. மெக்கானிக் பராமரிக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் அடியில்தான் அவர் கடை. லிஃப்ட் நின்றால் முதல் திட்டு அங்கிருந்துதான் வரும். அவருடைய வரைபடம் ஒரு தாளில் அடங்காமல் மேசையிலிருந்து தொங்கியது.

"உனக்கு ஆள் இல்லாம தலைவலி, எனக்கு ஆள் நெறைஞ்சு தலைவலி. கொஞ்சம் எடுத்துக்கிறியா?"

"குடுங்கக்கா, சும்மா வந்தா வேணாம்னா சொல்வேன்" என்றார் மெக்கானிக்.

நகராட்சி அலுவலகத்தில் மனுப் போட்டு, அப்பாவின் பிறப்புப் பதிவின் நகலை வாங்கினார். அதில் தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். தாத்தாவுக்குத் தொழில் பூட்டு செய்வது. தெரு, கதவு எண் எல்லாம் தெளிவு. வயது மட்டும் ஐம்பது என்றிருந்தது. பிள்ளை பிறக்கிறபோது ஐம்பதா? மீட்டர் நடக்காததைக் காட்டினால் மீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் தொழிலில் படித்த பாடம். எழுதியவர் தவறியிருப்பார். வரைபடத்தில் முப்பது என்று எழுதி, நகலைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த வகுப்பில் சலவைக்கடைக்காரம்மாவின் தாளை எட்டிப் பார்த்தவர் தன் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். உச்சியில் அந்த அம்மாவின் தாத்தாவுக்கு அப்பா. அதே பெயர், அதே பூட்டுத் தொழில், அதே தெரு, அதே கதவு எண். அவசரமாகக் கணக்குப் போட்டார். உதைத்தது. இருவரும் ஒரே ஆள் என்றால், அந்த அம்மாவின் தாத்தாவுக்கு அந்த மனிதர் இரண்டு வயதில் தகப்பனாகியிருக்க வேண்டும்.

அப்படியானால் ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பூட்டுக்காரர்களா? சித்தப்பனும் அண்ணன் மகனுமா? வரைந்தார், அழித்தார். தாள் கிழிந்தது. ஐந்தாம் மாடியில் வேலை என்று கிளம்பி மூன்றாம் மாடியில் இறங்கி நின்றார்.

"ஒரே வீட்டுல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா, சாப்பிடக் கூப்பிட்டா யாரு வருவாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டு பேரும் வருவாங்க."

"வருவாங்க, வருவாங்க. உங்க ஆளுங்கதானே."

கடைசியில் பென்சிலம்மாவிடமே போய் வரைபடத்தை நீட்டினார். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு நகலைக் கேட்டு வாங்கினார்.

"இதுல அம்பதுன்னு இருக்கு. நீங்க முப்பதுன்னு போட்டிருக்கீங்களே?"

"எழுதினவர் தப்பா எழுதிட்டாருங்க. நான் சரி பண்ணினேன்."

"ஏன், உங்க தாத்தா வந்து சொன்னாரா? லிஃப்ட்ட ரிப்பேர் பண்ணுங்க. பதிவ ரிப்பேர் பண்ணாதீங்க. சந்தேகமா இருந்தா பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க, அதோட விடுங்க."

முப்பதை அழித்து ஐம்பது போட்டார். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சலவைக்கடைக்காரம்மா அந்த ஐம்பதின் மேல் விரலை வைத்தார்.

"எங்க தாத்தா அவரு அப்பாவோட மூஞ்சியிலயே முழிக்க மாட்டாராம். பொண்டாட்டி செத்து, வயசான காலத்துல இன்னொரு கல்யாணம் கட்டிக்கிட்டாருன்னு கோவம். எங்க வீட்டுல அந்தப் பேச்ச எடுத்தா பாத்திரம் பறக்கும்."

"பேச்சு ஒரு சாட்சி. இன்னொண்ணு வேணும்" என்றார் பென்சிலம்மா.

இருவரும் சேர்ந்து போய்த் தேடினார்கள். இரண்டாம் திருமணப் பதிவு கிடைத்தது. அதே கதவு எண். மணமகளாக மெக்கானிக்கின் பாட்டி.

குழப்பம் தீரும் என்று நினைத்தார். இடம் மாறியது, அவ்வளவுதான். அந்த அம்மாவின் தாத்தாவும் தன் அப்பாவும் அண்ணன் தம்பி. அப்படியென்றால் அந்த அம்மாவின் அப்பா தனக்கு அண்ணன் முறை. மகள் முறையாகிற அந்த அம்மாவைத் தனக்கு ஒரு தளம் கீழே எழுத வேண்டும். பத்து வயது மூத்தவரை எப்படிக் கீழே இறக்குவது? இரண்டு தளங்களுக்கும் நடுவே எழுதிப் பார்த்தார். அவர் தொழிலில் அதற்குப் பெயர் பழுது.

சலவைக்கடைக்காரம்மா விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அப்போ நீ எனக்கு சித்தப்பாவா?"

"கணக்கு அப்படித்தான் வருதுக்கா."

"அக்காங்கற, சித்தப்பாங்கற. இத்தன வருஷமா உன்ன டேய்னு கூப்பிட்டிருக்கேனே."

"பரவாயில்லக்கா."

"உனக்குப் பரவாயில்ல. எனக்குத் தலை சுத்துது." தாளைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை.

"கெடச்ச ஒரு ஆளையும் வெரட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி. உறவு கிடைத்ததா, இருந்த பழக்கமும் போனதா என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

ஒருநாள் காலை, செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"லிஃப்ட் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது. நீ சரி பண்ணிட்டுப் போய் ஒரு வாரம் ஆகல." மறுமுனை கொஞ்சம் தயங்கியது. "சித்தப்பான்னா இப்படித்தான் ரிப்பேர் பண்றதா? சீக்கிரம் வா." மறுபடியும் ஒரு தயக்கம். "வாங்க."

அக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். அம்மா என்று வந்தது. அதையும் விழுங்கினார். "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவிப்பையைத் தேடினார். அது தோளிலேயே இருந்தது.

"யாருங்க போன்ல?"

"எங்க வழில ஒருத்தங்க" என்றார் மெக்கானிக்.